தண்ணீரே வராத தெரு

டீச்சரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகமல்ல, பூட்ஸ். முழங்கால் வரை வருகிற பச்சை ரப்பர் பூட்ஸ். பெட்டியில் அடங்காததால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு, கத்திரி வெயிலில், காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினார். தார் உருகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டிருந்த நேரம். ஆட்டோக்காரர் பூட்ஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சார், வேகவதில மீன் புடிக்கவா இட்டுக்கினு போற?" என்றார். வேகவதி ஆற்றில் மீன் இருக்கவேண்டுமென்றால் முதலில் தண்ணீர் இருக்கவேண்டும். என்ன சொல்கிறார் என்று டீச்சரம்மா என்னிடம் கேட்டார். "வரவேற்கிறார்" என்றேன். அவருக்காக நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. அதன் தரத்திலிருந்து நான் பிறகும் இறங்கவில்லை.

அவர் நெதர்லாந்துக்காரர். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். எங்கள் தெருக்காரர்கள்தான் அவரை டீச்சரம்மா ஆக்கினார்கள். பருவம் தப்பிக் கொட்டுகிற மழையையும் ஏறிக்கொண்டே போகிற வெயிலையும் இரண்டு நாட்டு மக்கள் எவ்வளவு உணர்கிறார்கள், எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய வேலை. தன் நாட்டில் கேட்டு முடித்துவிட்டார். இங்கே கேட்கவேண்டும். நான் வேலை பார்க்கும் கல்லூரி அவருக்குத் தங்க இடம் கொடுத்தது, பேசுவதற்கு என்னைக் கொடுத்தது. நான் ஆங்கிலம் நடத்துகிறவன். பிறந்தது பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில். தறி, ஆங்கிலம் இரண்டையும் ஒரே அளவுக்கு அரைகுறையாக அறிந்தவன் கல்லூரியில் நான் ஒருவன்தான் என்பதால் போட்டியில்லாமல் தேர்வானேன். அவ்வப்போது பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரைகளும் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

எந்தத் தெருவில் தொடங்கலாம் என்று அவர் கேட்டதும் யோசிக்காமல் என் அக்கா குடியிருக்கும் தெருவைச் சொன்னேன். அதில் சுயநலம் இருந்தது. கேட்டு முடித்த பிறகு, மழைத் தண்ணீர் பெரிய தொந்தரவு என்று மக்களே சொல்கிற ஒரு தெருவில், தண்ணீர் வடிய வழியும் தறிக்குழிக்குள் ஈரம் ஏறாத தரையும் அமைத்துப் பார்ப்பதாக அவருடைய ஆய்வில் ஓர் ஏற்பாடு இருந்தது. அக்காவுக்கு அதைவிட வேண்டியது உலகத்தில் வேறில்லை. குழித்தறியில் நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். வீட்டிலேயே தாழ்வான இடம் அந்தக் குழி. தெருத் தண்ணீர் உள்ளே வந்தால் நேராகப் போய் உட்காரும் ஆசனமும் அதுதான். முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் மழை நசநசவென்று தூறிக்கொண்டே கிடக்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் வீட்டுக்குள் வராது. இப்போது அது பழக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. நாள்கணக்கில் எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டு, பாக்கி வைத்ததையெல்லாம் ஒரே காலைப்பொழுதில் கொட்டிவிட்டுப் போகிறது. கால்வாய் விழுங்க மாட்டாமல் தெருவில் கக்குகிறது. மழைக்காலத்தில் அக்காவின் கணவர், அதாவது மாமா, நெய்வதைவிட இறைப்பதுதான் அதிகம்.

இவ்வளவையும் கணக்குப் போட்ட நான் ஒன்றை மறந்துவிட்டேன். அக்கா தன் மகனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான், கம்பெனி பஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது, குடிப்பழக்கம் இல்லை. குறை என்று சொன்னால் வீடு மட்டும்தான். தண்ணீர் புகுகிற வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? ஒரு நல்ல சம்பந்தம் அதனாலேயே கைநழுவிப் போயிற்று என்று அக்கா உறுதியாக நம்பினாள். இப்போது பேச்சு நடப்பது பக்கத்துத் தெருவில். அந்தத் தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் நடுவில் செய்தி போவதற்கு சைக்கிள்கூடத் தேவையில்லை.

போதாததற்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கமும் உண்டு. தறியில் முகூர்த்தப் புடவை ஏறியிருக்கும்போது அதன் எதிரே குறை பேசக்கூடாது. யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம் அங்கே இழை இழையாக உருவாகிக்கொண்டிருக்கிறது, அதன் காதில் நம்முடைய ஒப்பாரி விழலாகாது. என் அப்பா பல்வலியைக்கூட எழுந்து வாசலுக்கு வந்துதான் சொல்வார்.

அக்கா வீட்டுக்குப் போனதும் டீச்சரம்மா, வாசலில் உட்காரமாட்டேன், தறிக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன் என்றார். தறியில் அரக்கு நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை பாதி வளர்ந்திருந்தது. வெள்ளைக்கார அம்மாவைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. எதிர் வீட்டு அம்மா நிலைப்படியிலேயே இடம் பிடித்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். போன மழை விட்டுப்போன பழுப்புக் கோடு முழங்கால் உயரத்தில் ஓடுவது வழக்கம். அன்று கோட்டைக் காணோம். அந்த உயரத்தில் வரிசையாக சாமி காலண்டர்கள் தொங்கின. டீச்சரம்மாவும் அதைத்தான் பார்த்தார். ஏன் இவ்வளவு தாழ்வாக மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

அக்கா கண் இமைக்கவில்லை. "அவரு குழியில உக்காந்துக்கினு நெய்யறாரும்மா. தலையத் தூக்குனா சாமி தெரியணும்ல?"

டீச்சரம்மா நெகிழ்ந்துபோய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மாமா, இந்தத் தகவலைத் தானும் இப்போதுதான் கேள்விப்படுகிறவர்போலத் திரும்பிக் காலண்டர்களைப் பார்த்தார்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பது அடுத்த கேள்வி. நான் தமிழில் கேட்டேன். கேட்கும்போதே அக்காவைக் கண்ணால் கெஞ்சினேன்.

"எங்க வீட்டுக்கா? வராதும்மா. மேடான வீடு."

"இந்தத் தெருவுலயா தண்ணி?" என்று எதிர் வீட்டு அம்மா நிலைப்படியிலிருந்து கைகொடுத்தார். "குடிக்கிற தண்ணிக்கே லாரி வந்தாதான் உண்டு. இவங்க வேற!"

வாசலில் சிரிப்பு எழுந்து அடங்கியது. வெயில் அதிகமாகிவிட்டதா என்று கேட்டேன். "வெயில்னா அடிக்கத்தாம்மா செய்யும். அது வேலைய அது பாக்குது, எங்க வேலைய நாங்க பாக்குறோம்" என்றாள் அக்கா. வருங்காலத்தை நினைத்துத் தூக்கம் கெடுகிறதா என்று ஒரு கேள்வி. "படுத்தா தூங்கிடுவேன்" என்றாள். "கொறட்டையே வுடுவா" என்று மாமா சேர்த்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் சொன்ன ஒரே உண்மை அது.

நான் ஒரு நொடி தயங்கியிருப்பேன்போல. அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, சொன்னத சொன்னாப்பல சொல்லு" என்றாள். சொன்னேன். ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல். அவ்வளவு துல்லியமாக நான் அதற்கு முன் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

அதன் பிறகு வீடு வீடாகப் போனோம். எல்லா வீடும் மேடான வீடு. ஒரு தெருவில் அத்தனை வீடும் மேட்டில் இருந்தால் பள்ளம் எங்கேதான் போயிற்று என்று டீச்சரம்மாவுக்குத் தோன்றவில்லை. பாவம், மேடே இல்லாத தட்டை நாட்டுக்காரர். யார் வீட்டில் எதுவரைக்கும் தண்ணீர் நிற்கும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். போன மழையில் எதிர் வீட்டு அம்மாவின் கிரைண்டரை நானும் அக்காவும்தான் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம். அவர் தன் வீட்டில் உட்கார்ந்து "ஒரு சொட்டு வராதும்மா" என்றபோது அக்கா பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினாள். ஒருவர் மானத்துக்கு ஒருவர் சாட்சி. மறுநாள் பக்கத்துத் தெரு. அங்கேயும் இதே பதில். எனக்கு மூன்றாவது வீட்டிலேயே வாய் பழகிவிட்டது. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நான் ஆங்கிலத்தில் முடித்துவிடுவேன்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். டீச்சரம்மா டம்ளரை ஊதிக்கொண்டே, "இவர்கள் நிஜமாகவே இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்களா?" என்று கேட்டார். சொல்லியிருக்கலாம். தறி கிடையாது, புடவை கிடையாது, எதிர் வீட்டு அம்மா கிடையாது; டீக்கடைக்காரருக்கு ஆங்கிலமும் கிடையாது. நான், "எங்கள் ஊரில் கோயில்கள் அதிகம். கவலையை அங்கே இறக்கி வைத்துவிடுவோம்" என்றேன். அவர் சிரித்தார். என் வாழ்நாளில் என் நகைச்சுவைக்குக் கிடைத்த முதல் அயல்நாட்டுச் சிரிப்பு. அதை உண்மைக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா சிறுமியாக இருந்தபோது கடல் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டதாம். குடும்பமே கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்ததாம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் சாகும்வரை ஊர் நிர்வாகத்துக்குப் புகார் எழுதிக்கொண்டே இருந்தார். வாசலில் ஈரம் தங்கினால் புகார், வாய்க்காலில் நீர் ஒரு விரல் ஏறினால் புகார், சும்மா சந்தேகம் வந்தால் புகார். "பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். எனக்கு அவமானமாக இருக்கும்" என்றார். "இப்போது அதே வேலையைச் செய்ய எனக்குச் சம்பளம் தருகிறார்கள்." அவர் நாட்டில் அவரிடம் பதில் சொன்னவர்களில் ஒரு பெரியவர் தோட்டத்துப் புல் ஈரமாக இருப்பதைப் பற்றி வெகுநேரம் வருத்தப்பட்டாராம். நான் சிரித்தேன். கடலைத் தடுத்துச் சுவர் கட்டி, சுவருக்குக் காவல் வைத்து, அதற்குப் பின்னாலும் புல் ஈரத்துக்குத் தூக்கம் கெடுகிறவர்கள்! தொட்டாற்சிணுங்கி தேசம் என்று மனதுக்குள் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன்.

இன்று யோசித்தால் வேறுபாடு பயத்தில் இல்லை என்று படுகிறது. அங்கே ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ஊரை ஆள்கிறவர்களுக்குத் தலைக்குனிவு. வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவைத் திறந்து காட்டுவார். இங்கே வீட்டுக்காரருக்குத் தலைக்குனிவு. அவர் கதவைச் சாத்திக்கொண்டு இறைப்பார். மழை எங்கேயோ கடலில் உருவாகி, யார் யாரோ செய்த புகையில் வெந்து, வந்து கொட்டுகிறது. அக்கா அதைத் தன் குடித்தனத்தின் கோளாறு என்று நினைத்துக் காலண்டர் மாட்டுகிறாள்.

டீச்சரம்மா ஊருக்குப் போகுமுன் கல்லூரியில் ஓர் உரை நிகழ்த்தினார். கல்லூரிப் பேருந்தை அனுப்பித் தெருக்காரர்களையும் அழைத்துவந்திருந்தார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் கவலையின் அளவைக் காட்டும் இரண்டு கம்பங்கள். நெதர்லாந்து மக்களின் கவலை தென்னை உயரம். எங்களுடையது குரோட்டன்ஸ் செடி. இத்தனை இடரிலும் கலங்காத மனத்திடத்தை இந்த மக்களிடம் கண்டேன், நாங்கள் இவர்களிடம் கற்கவேண்டும் என்று அவர் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். பலத்த கைதட்டல். எனக்கு மைக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது, ஆனால் அது அவ்வளவு ஒல்லி. கடைசியில் அவர் இன்னொன்றும் சொன்னார். வடிகால் ஏற்பாடு, தேவை அதிகம் என்று மக்கள் சொன்ன ஒரு கடலோர ஊருக்குப் போகிறது. அதையும் மொழிபெயர்த்தேன். கைதட்டல் ஓய்ந்திருக்கவில்லை, அதற்கும் சேர்த்துத் தட்டிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "நம்மளத்தானடா சின்னதா காட்டுனாங்க?"

"ஆமா. பயம் கம்மின்னு."

"நல்லதுதானே?" என்றாள். சற்று நடந்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "கல்யாணம் முடிஞ்சிடட்டும்டா" என்றாள்.

கல்யாணம் முடிந்தது. பக்கத்துத் தெருப் பெண்தான். மருமகள் வந்து இறங்கிய ஆண்டு மழை ஏய்த்துவிட்டது. அக்கா தினமும் வானத்துக்கு நன்றி சொன்னாள். அடுத்த ஐப்பசியில், சென்ற மழைக்காலத்தில்தான், அது வட்டியோடு வந்தது. பொழுது விடியும்போது மாமா போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அக்கா வீட்டில் நிலைப்படியைத் தாண்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் பார்த்தது தண்ணீரை அல்ல, மருமகளை. இத்தனை நாள் காப்பாற்றிய மேடு அந்தப் பெண்ணின் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் புடவையை வரிந்து செருகிக்கொண்டு நேராகக் குழியில் இறங்கினாள். முதல் காரியமாக மிதிகளைத் தறியோடு இணைக்கும் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மேலே சுருட்டிப் போட்டாள். கயிறு தண்ணீரில் நனைந்தால் ஈரம் கயிற்றின் வழியாகவே ஏறிப் பட்டிழைக்குப் போய்விடும். அதன்பிறகு பாவு நூலைத் தூக்கி உத்தரத்தில் கட்டினாள். அரிசி டின் கட்டிலுக்கு, கேஸ் சிலிண்டர் அடுப்பு மேடைக்கு.  

தண்ணீர் வந்து பழகாத வீட்டுப் பெண் கயிற்றில் கை வைக்கமாட்டாள். அது மாமாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"ஒனக்கு யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

அவள் நிமிர்ந்து, ஈரக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டுலயும் வரும் அத்தை. பொண்ணு பாக்க வரும்போது வாயத் தொறக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு." பிறகு என்னைப் பார்த்தாள். "டீச்சரம்மா கேட்டப்பவும் வராதுன்னுதான் சொன்னோம். உங்க காதுக்கு வந்துடுமோன்னு பயம். சித்தப்பாதானே கூட்டிக்கினு வந்தாரு?"

சித்தப்பா என்றது என்னை. அந்த வீட்டு வாசலில் நான் நின்றது நினைவுக்கு வந்தது. அவள் அப்பா பதிலை முடிக்குமுன் நான் முடித்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டு வீடு, ஒன்றுக்கொன்று பயந்து, ஒரே பொய்யைச் சொல்லியிருக்கின்றன. இரண்டையும் நான் ஆங்கிலத்தில் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். மாமா முதலில் சிரித்தார். பிறகு அக்கா. மருமகளும் சிரித்தாள். என்னால் முடியவில்லை. சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம், சிரிப்பு எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து என் போனில் டீச்சரம்மாவிடமிருந்து செய்தி. எங்கள் பக்கத்து மழையைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். ஒரு வீடு சொன்னால்கூடப் போதும், மறுபடி வந்து எல்லோரிடமும் முதலிலிருந்து கேட்பேன், வடிகாலுக்கு மறுபடி பேசுவேன் என்று எழுதியிருந்தார். படித்துச் சொன்னேன். அக்கா மருமகளைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள்.

"சொல்லிடுடா. இனிமே இன்னா?" என்றாள்.

நான் சுவரோரமாக நின்று போனில் பதில் அடிக்க ஆரம்பித்தேன். வந்துவிட்டது, குழி நிறைந்துவிட்டது, எல்லா வீட்டிலும் இப்படித்தான், அன்று சொன்னது எதுவும் உண்மையில்லை. ஆங்கிலம் எனக்கு அவ்வளவு எளிதாக வந்ததே இல்லை. அக்கா ஒரு பக்கெட்டில் மொண்டுகொண்டு வாசலுக்குப் போனாள். எதிர் வாசலில் எதிர் வீட்டு அம்மாவும் பக்கெட்டோடு நின்றார். இருவரும் ஒரே நேரத்தில் தெருவில் கவிழ்த்தார்கள்.

"இன்னாம்மா, உங்க வீட்டுல தண்ணி கிண்ணி வந்துச்சா?" என்றார் எதிர் வீட்டு அம்மா.

"இல்லியே. உங்க வீட்டுல?"

"எங்க வீட்டுக்கு ஏது? மேடாச்சே. சும்மா வாசலக் கழுவிக்கினு இருக்கேன்."

"நானும் அதான்" என்றாள் அக்கா.

காலிப் பக்கெட்டோடு உள்ளே வந்து, நான் கேட்காமலே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவங்க பொண்ணுக்குத் தை மாசம் பாக்க வராங்கடா. நம்ம வீட்டுல வந்துச்சுன்னா அவங்க வீட்டுலயும்தான்னு ஆயிடும். அப்புறமா சொல்லிக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் குழிப் பக்கம் குனிந்துவிட்டாள். நான் அனுப்பப்போகிறேனா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்ததையெல்லாம் அழித்தேன். 'எல்லோரும் நலம், தெருவில் மட்டும் கொஞ்சம் ஈரம்' என்று அனுப்பினேன். மறுமுனையிலிருந்து உடனே ஒரு பூங்கொத்துப் படம் வந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, மருமகள் நீட்டிய பக்கெட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். எதிர் வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வாசல் கழுவ வந்தீங்களா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.